பயிற்சி எடுத்த ஆள்

விசுவமடு,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சுகிர்தனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீயும் யதுர்ஷிகாவும் பிள்ளையும் நலமாயிருக்க வற்றாப்பளை அம்மாள் துணை என்று தொடங்குகிறேன். இதில் முதல் இரண்டு சொல்லும் பொய், மிச்சம் மெய். கையில் போன் இருக்க இந்த மனுசி ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைக்கக் கூடிய கதை இல்லை மகன் இது. ஏரம்பு அண்ணையின் மகள் சுதாஜினி புருசனிடம் நோர்வேக்கு வருகிறாள், அவளுடைய கைப்பைக்குள் வைத்து அனுப்புகிறேன். கொண்டுவந்து தருகிற பிள்ளையை வாசலில் வைத்து அனுப்பிவிடாமல் உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடு. மிளகாய்த்தூளும், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் கொஞ்சமும் கொடுத்திருக்கிறேன், அது யதுர்ஷிகாவுக்கு. நீதான் சோற்றை விட்டுவிட்டு உடம்பு வளர்க்கிற மாவைக் கரைத்துக் குடிக்கிறவனாயிற்றே.

காலபோக வெள்ளாமை வெட்டி முடிந்தது. வெட்டுகிற நேரம் பார்த்து மழை வந்து நெல்லைச் சாய்த்துவிட்டது, போன வருசத்தைப் போல இல்லை. வெள்ளைப் பசு கன்று போட்டது, பெட்டைக் கன்று. நீங்கள் அம்மாள் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வருகிறீர்கள் என்று அப்பா பின் அறைக்குச் சீமெந்து பூசி, பிள்ளைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அறையோடு சேர்த்துக் குளியலறையும் கட்டுவித்தார். அந்த வேலை முடிந்து பூச்சு காய்கிற நேரத்தில்தான் இந்த வினை வந்து சேர்ந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. நீ யூடியூப்பில் உடம்பைப் பழக்குவது பற்றியும் அந்தக் கிரேக்கர்களைப் பற்றியும் கதைக்கத் தொடங்கியதிலிருந்து அப்பா ஒன்றையும் விட்டதில்லை. பிளேட்டோ மல்யுத்தம் பிடித்தவர், அரிஸ்டோட்டில் நடந்துகொண்டே படிப்பித்தவர், சோக்கிரட்டீஸ் பனிக்குள்ளும் வெறுங்காலோடு திரிந்தவர் என்று எனக்கே இப்போது பாடம். மனுசன் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். ஒருநாள் நீ சொன்னாய், தன் உடம்பால் என்னவெல்லாம் முடியும் என்று அறியாமலே ஒருவன் கிழவனாவது வெட்கக்கேடு என்று சோக்கிரட்டீஸ் சொன்னாராம், உடம்புக்குப் பொறுப்பு டொக்டரும் இல்லை கடவுளும் இல்லை, அவனவன்தானாம். அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பெடியன் எனக்குத்தான் சொல்லுறான் என்றார். அடுத்த நாள் விடியவே நீ அனுப்பிய ஓடுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கட்டு வழியாக நடக்கப் போய்விட்டார். நான் பத்து வருசமாகக் கத்தியும் நடக்காத மனுசன் நீ ஒரு சொல் சொன்னதும் நடந்தார். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது, இப்படியே நடவுங்கோ ஐயா என்று கிளினிக்கில் டொக்டர் பிள்ளை பாராட்டினாவாம். அதற்காக உன்னை நான் வாழ்த்தினேன், மறுக்கவில்லை.

ஆனால் அதே வீடியோவில் நீ சொன்ன வேறொன்று எனக்கு அன்றைக்கே தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறவன் யுத்தத்திலிருந்து மானத்தோடு தப்பி வருவான், பழக்காதவன் செத்துப்போவான் அல்லது பிடிபடுவான் என்றும் அந்த மனுசன் சொன்னதாகச் சொன்னாய். சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலத்தில் ஒன்பது வயதில் மாமாவோடு நோர்வேக்குப் போன பிள்ளை நீ, உனக்கு எங்கே தெரியப்போகிறது. உன் சித்தப்பாவைப் போல உடம்பு இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை, இரண்டு நெல் மூட்டையை ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். யுத்தத்தின் கடைசி நேரத்தில் அவனும் அப்பாவும் நானும் ஒன்றாகத்தான் களப்புத் தண்ணீரைக் கடந்து வந்தோம். வந்த இடத்தில் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள், இயக்கத்தில ஒருநாள் பயிற்சி எடுத்திருந்தாலும் இந்தப் பக்கம் வாங்கோ, விசாரிச்சுப்போட்டு விட்டுவிடுவம் என்று. ஊரில் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று இயக்கம் கூப்பிட்டு ஆயுதத்துக்குப் பதிலாகப் பொல்லுப் பிடிக்கப் பழக்கிய அந்த ஒரேயொரு நாளைத்தான் அவன் எடுத்திருந்தான். ஒளிக்கத் தெரியாதவன், அண்ணி நான் சொல்லிப்போட்டு வாறன் என்று அந்தப் பக்கம் போனான். அப்பாவின் முழங்கால் பந்தடித்து உடைந்தது என்று இயக்கமே அவரை விட்டிருந்தது, அதனால் அவர் நொண்டி நொண்டி என்னோடு இந்தப் பக்கம் வந்தார். போனவன் இன்றுவரைக்கும் வரவில்லை, செத்துப்போனான் என்று சொல்லவும் ஆளில்லை. இதை உன் சோக்கிரட்டீசுக்குச் சொல்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் பயிற்சி என்கிற சொல்லை ஒருவரும் சும்மா வாயில் எடுப்பதில்லை. தையல் பழகப் போகிற பெட்டைகள் தையல் வகுப்பு என்பார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஓடப் போகிற பிள்ளைகள் பிறக்டிஸ் என்பார்கள். இது யாரும் கூட்டம் வைத்துத் தீர்மானித்தது இல்லை, அப்படியே வந்துவிட்டது. பயிற்சி எடுத்த ஆள் என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். அதை நான் உனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டுமோ தெரியவில்லை, எந்தத் தாய் தன் பிள்ளைக்கு இப்படியொரு தமிழ் சொல்லிக் கொடுப்பாள்.

நீ தைப்பொங்கலுக்குப் பிறகு போட்ட வீடியோவுக்கு வருகிறேன். அப்பாவின் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாய், ஒன்று உடையார்கட்டு மைதானத்தில் கரப்பந்தாட்டக்காரர்களோடு வாலிபனாக நிற்பது, மற்றது போன வருசம் கதிரையில் வயிறு தெரிய இருப்பது. போட்டுவிட்டு, என்ர அப்பா ஒருகாலத்தில ஒழுங்காப் பயிற்சி எடுத்த ஆள், பயிற்சியை விட்டார், இண்டைக்கு நோயாளி, இது அவரின்ர பொறுப்பு, வேற ஒருத்தரிலயும் பழி போடேலாது என்று உலகத்துக்குச் சொன்னாய். வயிற்றைக் காட்டியது எனக்கு எரிந்தது, அதை விடு. பயிற்சி எடுத்த ஆள் என்றாயே, அதைக் கேட்டதும் குசினிக்குள் என் கையில் இருந்த சட்டி விழுந்தது. அப்பாவுக்கோ அது காதில் ஏறவே இல்லை, அந்த நேரம் நான் எப்பிடி இருந்திருக்கிறன் பாரும் என்று பழைய படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒரு கிழமையில் இரண்டு பேர் வந்தார்கள், சாதாரண உடுப்பு, மோட்டார் சைக்கிள். யாருடைய ஆட்கள் என்று கேட்கிற வழக்கம் இங்கே இல்லை. ஒருவன் போனை நீட்டி உன் வீடியோவைக் காட்டினான். உன் அப்பாவுக்கு வந்த சந்தோசத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ஓம் ஓம் என்ர மகன்தான், இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். மகன் சொல்லுறது உண்மையோ என்று கேட்டார்கள், என்ர பிள்ளை பொய் சொல்லமாட்டான் என்றார். எங்கே பயிற்சி எடுத்தது, உடையார்கட்டில. எத்தனை பேர், ஒரு இருபது பேர் வருவம். யார் தந்தது, மாஸ்டர். எந்த மாஸ்டர், பேர் தெரியாது, எல்லாரும் மாஸ்டர் எண்டுதான் கூப்பிடுறது. நான் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இயக்கத்தில் ஆயுதம் பழக்கினவர்களையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவது, அது உனக்குத் தெரியாது, இந்த மனுசனுக்குத் தெரியும், ஆனால் அவர் அப்போது விசாரணையிலா இருந்தார், உன் பெருமையில் அல்லவா இருந்தார். நான் ஓடிவந்து, ஐயா அது பந்தடிக்கிற மாஸ்டர், பள்ளிக்கூட வாத்தியார், செத்தும் போனார் என்றேன். அவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை, வாசலில் கிடந்த புதுச் சப்பாத்தைப் பார்த்து, இந்த வயதில விடிய எழும்பி எங்க ஓடுறீங்கள் என்று கேட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் மனுசனுக்கு விளங்கியது. மகன் தெரியாமல் பிழையாச் சொல்லிப்போட்டான் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் ஏசினேன். நாலு சனத்துக்கு முன்னால நிண்டு கதைக்கிற பிள்ளையை நானே பிழை எண்டு சொல்லுறதோ, அவனை ஆர் பிறகு மதிப்பினம் என்றார். இதற்கு நான் என்ன செய்ய, நீயே சொல்.

அடுத்ததாக அப்பாவை விசாரணைக்கு வவுனியாவுக்குக் கூப்பிட்டார்கள். விடியப் போனவரைப் பொழுதுபட்ட பிறகுதான் விட்டார்கள், நேரத்துக்குச் சாப்பாடும் இல்லை மாத்திரையும் இல்லை. பந்தடித்ததைத்தான் மகன் சொன்னான் என்று அங்கே எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாராம். அதற்கு அங்கிருந்தவன் என்ன சொன்னான் தெரியுமா, பந்தடிக்கிறதை உங்கட சனம் பிறக்டிஸ் எண்டெல்லோ சொல்லுறது, பயிற்சி எண்டு நீங்கள் வேற ஒண்டுக்குத்தானே சொல்லுறனீங்கள், எங்களுக்குத் தெரியாதோ என்றானாம். நாங்கள் பயந்து பயந்து பொத்தி வைத்த சொல்லே திரும்பி வந்து எங்கள் கழுத்தைப் பிடித்துவிட்டது மகன். மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்கள், பங்குனி பிறந்ததும் போக வேண்டும், இந்த முறை இரண்டு நாள் உடுப்போடு வரச்சொல்லி.

வீடியோவை எடு என்று போனில் சாடையாக நான் சொன்னபோது நீ என்ன சொன்னாய். ஆயிரக்கணக்கான ஆக்கள் பாத்திட்டினம் அம்மா, எடுத்தா என்ர பேர் போயிடும், ஒரு சொல்லுக்குப் போய் இப்பிடிப் பயப்பிடாதேங்கோ, நீங்கள் விளங்கப்படுத்தினா விளங்கிக்கொள்ளுவினம் என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன், நீ சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். விளங்கப்படுத்துகிற வேலையை ஏன் மகன் எங்களிடம் தருகிறாய். கொழுப்பு ஏறின உடம்புக்கு அப்பா பொறுப்பு, வேறு ஒருவரிலும் பழி போடக் கூடாது என்று சொன்ன வாய், அந்த வாயால் வந்த சொல்லுக்கு மட்டும் அப்பாவைப் பொறுப்பாக்கிவிட்டு ஒஸ்லோவில் இரும்புத் தண்டு தூக்கிக்கொண்டு நிற்கிறது. உன் சோக்கிரட்டீசின் கதையை நானும் கேட்டேன். கடைசியில் அவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டுத்தானே நஞ்சு கொடுத்தார்கள். பனிக்குள் நடந்த அந்த உடம்பைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை, அவர் கதைத்த கதையைத்தான் கேட்டார்கள். ஆனால் ஒன்று, தான் கதைத்ததற்குத் தானே போய் நின்றார் அந்த மனுசன். தகப்பனை அனுப்பவில்லை.

ஆகையால் நான் சொல்வதைச் செய். அந்த வீடியோவை எடு. எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, நான் சொன்னது கரப்பந்தாட்டம், நான் பிடித்த சொல் பிழை, எனக்கு என் ஊர் தெரியாது என்று உன் வாயால் சொல். உன் பேர் போனால் போகட்டும், திரும்பத் தேடிக்கொள்ள உனக்கு வயது இருக்கிறது. பங்குனிக்கு முன்னம் செய்தால் அப்பா அங்கே போய்க் காட்டுவதற்கு ஒன்று இருக்கும், பிறகு செய்தால் அது உன் மனத் திருப்திக்குத்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதற்குத்தான் கை ஓடவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு நீங்கள் வரவேண்டாம். ரிக்கெற் போட்டிருந்தால் மறித்துவிடு. தகப்பனைக் கேட்பவர்கள் மகனை எயாப்போட்டில் வைத்துக் கேட்க எவ்வளவு நேரம், பக்கத்தில் யதுர்ஷிகா பிள்ளையோடு நிற்பாள். பிள்ளை பிறந்ததிலிருந்து நான் போனுக்குள்தான் கொஞ்சுகிறேன், அதன் கன்னம் எப்படியிருக்கும் என்று என் கைக்கு இன்னும் தெரியாது, அப்படிப்பட்ட நான் வரவேண்டாம் என்று எழுதுகிறேன் என்றால் யோசித்துப் பார். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, அது தீர நாள் செல்லும். அதற்காக நீ என் பிள்ளை இல்லை என்று ஆகாது.

அம்மாள் உங்களைக் காக்கட்டும், நோய்நொடி அண்டாமல் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பிள்ளையோடு வீட்டில் தமிழில் கதை. குளிருக்குள் தலை நனைந்தபடி திரியாதே. போன் எடுக்கும்போது இதில் எழுதிய எதையும் கேட்காதே, கடிதம் கிடைத்தது என்பதற்கு ஒடியல் நல்லாயிருந்தது என்று மட்டும் சொல், நான் விளங்கிக்கொள்வேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று, தன் பங்குக்கும் ஒரு வரி எழுதச் சொல்கிறார். பெடியன் யோசிப்பான், நான் ஒவ்வொருநாளும் விடிய நடக்கிறன் எண்டு எழுதும் என்கிறார். எழுதிவிட்டேன். அவர்கள் வந்து போனதிலிருந்து, வவுனியாவுக்குப் போனதைத் தவிர, மனுசன் வாசல் படலையைத் தாண்டவில்லை, சீனி திரும்ப ஏறிக் கால்விரலில் புண் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
த. பத்மாசனி