வளையத்தின் தென்முனைப் புள்ளி

9 பிப்ரவரி 2025, கோவில்பட்டி

அம்மாவுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டதிலிருந்து சமையல் என் தலையில். அவளோ தெருவுக்கே சொல்லிவைத்திருக்கிறாள்: "எம் மவ புது நட்சத்திரம் கண்டுபிடிச்சிருக்கா."

ஒன்று இல்லை அம்மா, ஒரு கூட்டம். பெரிய கேலக்ஸி ஒன்றின் நடுவே சின்னது புகுந்து போயிருக்கிறது. கண்மாயில் கல் விழுந்தாற்போல் அலை வெளியே பரவி, வாயுவை நெருக்கி, வளையம் முழுக்க நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன. தென்முனையில் பளிச்சென்று தெரியும் புள்ளியில் இருப்பவை ராட்சதப் பிறவிகள். சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். அதைக் காட்டித்தான் மார்ச்சில் தொலைநோக்கியில் மூன்று இரவுகள் வாங்கினோம். என் ஜூனியர் கார்த்திகேசனின் மூன்று வருட பிஎச்.டி. ஆய்வும் அதை நம்பித்தான்.

12 பிப்ரவரி

அந்தத் தென்முனைப் புள்ளி நகர்கிறது.

நட்சத்திரப் பட்டியலில் சும்மா தேடினேன். வருடத்துக்கு வருடம் துளி இடம் மாறியிருக்கிறது. அத்தனை கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பது இப்படி நகராது. நம் பால்வீதியின் சாதாரண நட்சத்திரம் ஒன்று குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான்.

முன்னால் நிற்பதைக் கழித்துவிட்டுப் பார் என்பதுதானே முதல் பாடம்? கணக்குப்படி ராட்சதர்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. அதனால் நீ யார் என்று அதை நான் கேட்கவே இல்லை. மடச்சி.

13 பிப்ரவரி

எங்கள் குழுத் தலைவி பிரேமலதா மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை.

15 பிப்ரவரி

விளாத்திகுளத்து மிளகாய் வத்தல் வந்தது. உட்கார்ந்து காம்பு கிள்ளினேன். கண்ணீர் வத்தல் நெடியால் என்று அம்மா நினைத்தாள், நல்லதாய்ப் போயிற்று. கடைசியில் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, நட்சத்திரம் இருக்கா இல்லியா?"

"இருக்கு. ஆனா பக்கத்துல இருக்கு."

"பக்கத்துல இருந்தா நல்லதுதானே?"

சிரிப்பதா அழுவதா?

"வேற யாருக்கும் தெரியாதுல்லா? அப்புறம் எதுக்கு நீயா போய்ச் சொல்லணும்?"

நானும் என்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லாவிட்டால், இல்லாத ஒன்றைப் பார்க்க மூன்று இரவு. கார்த்திகேசனுக்கு மூன்று வருடம் வீண்.

18 பிப்ரவரி

சொன்னேன். பிரேமலதா மேடம் போனை வைக்காமலே பட்டியலைத் திறந்து தானும் சரிபார்த்தார். பிறகு, "ராத்திரிகளைத் திருப்பிக் குடுத்துடலாம். நானும் பார்த்திருக்கணும்," என்றார். திட்டியிருக்கலாம்.

கார்த்திகேசன் ஒன்றுதான் கேட்டான்: "இப்ப நான் என்ன செய்ய, அக்கா?"

2 மார்ச்

அந்தப் புள்ளியை மறைத்துவிட்டு வளையத்தைப் பார்த்தேன். அதன் வெளிச்சத்தில் எடுபடாமல் போன கொத்துகள், வடக்குப் பக்கம், மங்கலாக, இளம் ராட்சதர்களுக்கே உரிய நீலத்தில். இந்தத் தடவை நகர்கின்றனவா என்றுதான் முதலில் பார்த்தேன். நகரவில்லை. கார்த்திகேசனுக்கு அனுப்பினேன்.

28 மார்ச்

இன்றைக்கு நாங்கள் தொலைநோக்கி முன் இருந்திருக்க வேண்டும். அந்த இரவுகள் வேறு குழுவுக்குப் போய்விட்டன. கார்த்திகேசன் இன்றுதான் வாய் திறந்தான்: "அங்க ஒரே மேகமாம், அக்கா. வடக்குப் பக்கத்தைப் பாத்தேன். புதுசா விண்ணப்பம் எழுதுவோமா?" மேகம் என்றதும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

வாசலில் அம்மா, கட்டுப் பிரித்த கையை ஆட்டி ஆட்டி எதிர்வீட்டு வெயிலம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "புதுசு இல்லையாம்க்கா, இங்கன பக்கத்துல உள்ளதாம். வேற யாருமே பாக்கல. இவளே பாத்து இவளே சொல்லிட்டா."

குரலில் அதே பழைய பெருமை.