இலேசான ரவை

அன்புள்ள தபிதாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உமது முதுகு நோ குறைந்ததா? சின்னவளின் இருமல் விட்டுவிட்டதா?

போன கிழமை தொலைபேசியில், "முதலாளியோட ரவை வாங்கப் போறன்" என்றேன். "வறுத்த ரவையாப் பாத்து வாங்குங்கோ" என்றீர். பயப்படுவீர் என்று அப்போது திருத்தவில்லை. அது உப்புமா ரவை இல்லை, துப்பாக்கி ரவை.

ஸ்கீவ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பண்ணையில் நரி வந்து கோழிகளைத் தூக்குகிறது. துப்பாக்கிக் கடையில் என் முதலாளி ஹென்ரிக் இரண்டு பெட்டிகளைக் காட்டி விளக்கினார். பாரமான ரவை நரியைத் துளைத்து அப்பாலும் போய்விடுமாம். இலேசானது பட்ட இடத்திலேயே நொறுங்கிவிடுமாம். பண்ணையில் ஆட்கள் நடமாடுவதால் இலேசானதையே எடுத்தார். வேறு யாரிலும் படக்கூடாது என்று யோசித்து ரவை வாங்கும் மனிதரை இப்போதுதான் கண்டேன், தபிதா.

பண்ணைக்கு வந்து துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க அவர் முதல் வெடி வைத்ததும், ஊரில் சண்டைக்காலத்துப் பழக்கத்தில் நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன். சறுக்கிவிட்டது என்று சமாளித்தேன். அவர் கை தந்து தூக்கிவிட்டார். காயம் இல்லை, சட்டைதான் ஊத்தை.

உமது அண்ணா மார்கழியில் இந்த நாட்டுக்கு, கோல்டிங் நகருக்கு வரும்போது ஒரு கிலோ ரவை வறுத்து அவரிடம் கொடுத்துவிடும். இங்கேயும் கடையில் கிடைக்கும்தான். ஆனால் நீர் வறுக்கும்போது வீடெல்லாம் வருமே, அந்த மணம் இல்லை.

பால் கறக்க நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். இந்தக் கடிதத்தைச் சின்னவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அவளுக்கு ரவை என்றால் உப்புமாதான். அப்படியே இருக்கட்டும்.

உமது,
எட்வின்