துண்டு போட்டு மூடிய திரை

டீச்சரம்மா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உப்பு பார்த்துப் போட்டுக்கொள். வீடியோ போன் மேல் கிடக்கிற துண்டை எடுத்துவிட்டு மகளைக் கூப்பிட்டுப் பேசு.

நீ பொத்தானைத் தேடக் கூடாதென்று, அவள் கூப்பிட்டால் தானாகவே எடுக்கிற மாதிரி வைத்துப் பீற்றிக்கொண்டவன் நான்தான். காலையில் டீ ஆறிப்போச்சு என்று கத்தி டம்ளரை வீசினேனே, அப்போது அது எடுத்திருக்கிறது. நீ பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். திரையில் அவள்.

"முடிஞ்சுதாப்பா? அம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள். முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை. துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

பி.கு.: டம்ளரைத் தட்டிப் பார்த்தேன், நெளிவு போகவில்லை. அதில் இனி நானே டீ போட்டுக் குடித்துக்கொள்கிறேன்.