வேலிக்கு வெளியே கிருபை

விளிம்பு நசுங்கிய இந்தத் தகரக் குவளையை எடுத்தாலே அன்றைக்கு என் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். நான். என் மடியில் பன்னிரண்டு நாள் பிள்ளை. என் கூடப்பிறந்த அக்கா அன்னம்மாள். அப்புறம் நீ. என் வீட்டுக்காரர் ரயிலோடு கிள்ளானுக்குப் போயிருந்தார், அவரைச் சேர்க்க முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் காய்ச்சல் வாசல் வாசலாகப் புகுந்த வருஷம். பாதிரியார் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். ஞானத்தாயாக நிற்கவேண்டிய அன்னம்மாள், "கோயில்ல வச்சு முறையா ஞானஸ்நானம் குடுப்போம், பொறுடி" என்றாள். பிள்ளை பொறுக்கவில்லை. மத்தியானமே கண் செருகிவிட்டது. சாகக் கிடக்கிற பிள்ளைக்குப் பெற்றவளைத் தவிர கிறிஸ்தவர் யாரும் தண்ணீர் ஊற்றலாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "ஊத்துக்கா, ஊத்துக்கா" என்று கெஞ்சினேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தெருக்கூட்டுகிறவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்த நீதான், அன்றைக்கு முதல் தடவையாக என் வாசற்படி தாண்டி உள்ளே வந்தாய். இந்தக் குவளையில் மொண்டு, மூன்று தடவை ஊற்றி, கிருபை என்று பேரும் வைத்தாய். அதற்கப்புறம்தான் மூச்சு நின்றது.

சாயங்காலம், பாதிரியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வந்தார். "ஊத்துனதைப் பாத்த சாட்சி யாரு? பெத்தவ பேச்சும் ஊத்துனவ பேச்சும் செல்லாது."

நான் அன்னம்மாளைப் பார்த்தேன். அவள் உன் கையைப் பார்த்தாள். துடைப்பம் பிடித்த கை.

"நான் ஒண்ணும் பாக்கல ஐயா."

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று, கோயிலை ஒட்டின கல்லறைத் தோட்டத்தில் இடம் தராமல், கிருபையை வேலிக்கு வெளியே புதைத்தார்கள்.

பிறகு நான் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. நீ என்னைத் தனியே விட்டாயா? கோயிலுக்குள் உனக்கென்று ஒதுக்கியிருந்த கடைசிப் பாயை விட்டுவிட்டு ஞாயிறுதோறும் என்னோடு வேலியோரம் வந்து உட்கார்ந்தாய். உள்ளே பாடுவது கேட்கும். "சாமி அங்க உள்ள இருக்காரு, நமக்கு இங்க என்ன?" என்று ஒருநாள் வெடித்தேன்.

"உள்ள ஒரே புழுக்கம் தாயி. காத்து வாங்க வெளிய வந்திருப்பாரு. தள்ளி உக்காரு, எடம் விடு."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். நடுவில் இடம் விட்டோம். அந்த இடத்தைப் பார்த்துத்தான் மறுபடி ஜெபிக்கத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் என்ஜினில் அடிபட்டுச் செத்த அன்றும் அங்கேதான் ஓடினேன். வேறு எங்கே போவேன்?

முப்பது வருஷம் ஓடிவிட்டது. கிருபைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வழியில் பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்டேன். போன மழைக்காலத்தோடு நீயும் போய்விட்டாய். இப்போதும் அங்கே போய்ப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு உட்காருகிறேன். ஓர் இடத்தில் ஆள் இருப்பது தெரிகிறது. மற்றது, உன்னுடையது, வெறும் புல்.

"மன்னிச்சிரு தாயி, நெஞ்சு லேசாகும்" என்பாய். உபதேசியாரை மன்னித்துவிட்டேன். அவர் பார்க்காதவர், காதில் விழுந்ததை வைத்துச் சொன்னார். இன்னொருத்தியிடம் வரும்போது மட்டும் ஜெபம் நின்றுவிடுகிறது. அதையும் ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் எழுந்து போகவில்லை. நானும் மாறவில்லை.

கண்ணால் கண்டவள். என் கூடப்பிறந்தவள். அன்னம்மாள்.