கிணற்றுக்குள் எடுத்த படம்

12 மே 1971, புதன்

முசரவாக்கத்து முனுசாமி தன் கிணற்றில் வெடி வைப்பதற்கு முன், நீருக்கடியில் பாறை எங்கே பிளந்திருக்கிறது என்று படம் எடுத்துத் தரச் சொன்னார். தண்ணீருக்குள் படமெடுக்கும் வெளிநாட்டு கேமரா வாங்க என் ஸ்டுடியோவை விற்றாலும் போதாது. கெட்டாலும் போகட்டும் என்று என் பழைய பெட்டிக் கேமராவையே தேர்ந்தெடுத்தேன். தகர வேலை செய்யும் கரீம் பாய், முன்பக்கம் கண்ணாடி வைத்து அதற்கொரு கூடு செய்தார். சைக்கிள் ட்யூபை வெட்டி மூடியை இறுக்கினார். ஷட்டரை மேலிருந்து இழுக்க ரப்பர் குழாய்க்குள் ஒரு கம்பி.

நேற்று உச்சிவெயிலில் கயிற்றில் இறக்கி ஒரே ஒரு படம் எடுத்தோம். கூட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. பாய்க்கு அத்தனை சந்தோஷம்.

இன்று கழுவிப் பார்த்தால் பாறையே தெரியவில்லை. கண்ணாடிக்கு எதிரே விரிந்த ஒரு கைதான் தெரிந்தது. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. நேற்று யாருமே கிணற்றில் இறங்கவில்லை.

சாயங்காலம் வந்த முனுசாமி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எங்க அண்ணன் கைபா. மோட்டார் பெல்ட்ல அறுந்த விரலு."

"அவரு பம்பாய்க்குப் போயிட்டாருன்னு சொன்னீங்களே?"

"அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தோம். அண்ணி இன்னும் பூ வச்சிக்கினு இருக்குது பா."

வெடி வேண்டாம், காலையில் தண்ணீரை இறைத்துவிடலாம் என்றார். என்னையும் வரச் சொன்னார். சரி என்றேன்.

அண்ணன் போய் மூன்று வருஷமாகிறதாம். ஆனால் படத்திலிருக்கும் கையில் தோல்கூடக் கெடவில்லை; உயிரோடிருப்பவர் கை. அதை அவரும் பார்த்திருப்பார்.