தொண்ணூறு வரைக்கும்தான்

மார்ச் 10

அம்மா இன்று கம்பு இல்லாமல் அடுப்படிவரை நடந்தாள். அதைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார், "ஜூன்ல நீ பள்ளிக்கூடம் போ வேணி."

போன ஆகஸ்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டேன். என் புத்தகங்கள் மாமா மகளுக்குப் போய்விட்டன. ஆனால் படிப்பு நிற்கவில்லை, என்னோடு படித்த சித்ரலேகா நிற்க விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, கணக்கைத் தாளில் எழுதிச் சொல்லித்தருகிறாள். எங்கள் ஊர் முக்கூடலில் வேறு யார் இப்படிச் செய்வார்கள்?

மார்ச் 11

சித்ராவிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். களைப்பாக இருந்திருப்பாள். முக்கோணவியல் சமன்பாடு மூன்று கொடுத்தாள். மூன்றும் சரி.

மே 5

அப்பாவோடு பள்ளிக்கூடம் போனேன். கணக்குப் பிரிவில் இடம் குறைவு, ஒரு வருடம் விட்ட பிள்ளைக்கு வணிகவியலே போதும் என்றார் தலைமையாசிரியை. அப்பா விடவில்லை. வீட்டிலேயே பிளஸ் ஒன் கணக்குப் படித்திருக்கிறாள், சோதித்துப் பாருங்கள் என்றார். என்னிடம் கேட்டபோது தலையாட்டினேன். வியாழக்கிழமை பரீட்சை.

மே 8

ஐந்தும் எனக்குத் தெரிந்த மாதிரிக் கணக்குகள். சீக்கிரமே முடித்துவிட்டேன்.

கணக்கு டீச்சர் பார்வதியம்மாள் என் முன்னாலேயே திருத்தினார். எல்லாவற்றுக்கும் பாதி மார்க். sin θ = ½ என்பதற்கு 30° என்று எழுதியிருந்தேன்.

"நூத்தம்பது எங்க?"

எனக்கு விளங்கவில்லை. டீச்சர் கேள்வியைத் தொட்டுக் காட்டினார். 0° முதல் 360° வரை. படித்தேன்தான். ஆனால் சித்ரா தரும் தாளில் எப்போதும் 0° முதல் 90° வரை என்றுதான் இருக்கும். ஒரு விடை கிடைத்ததும் அடிக்கோடு போட்டுவிடுவோம். தொண்ணூறைத் தாண்டியும் விடை இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

யார் சொல்லித்தந்தது என்று கேட்டார். நான் பெயர் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை எழுதச் சொல்லியிருக்கிறார்.

மே 9

சித்ரா வீட்டுக்குப் போனேன். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மறைக்கவில்லை.

"புஸ்தகத்துல முந்நூத்தறுபதுதான். நான்தான் தொண்ணூறுன்னு மாத்திக் குடுத்தேன். முழுசாச் சொல்லணும்னா வட்டம் போட்டு, எங்கன கூட்டல், எங்கன கழித்தல்னு நேரம் ஆவும்லா."

"பரீட்சைக்கு வருமே சித்ரா."

துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பைய சொன்னாள்.

"நீ திரும்பி வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல ஏட்டி. உங்கம்மா கெடந்த கெடப்பு அப்படி. உனக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னுதான் வந்தேன்."

படி இறங்கி வந்துவிட்டேன். பாடம் சொல்லித்தர வந்திருக்கா என்றல்லவா நான் இருந்தேன்? சீக்காளி வீட்டுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வருவாங்களே, அப்படித்தான் வந்திருக்கா. நான்தான் வாசலையே பாத்துக்கிட்டு, அவ வர்றதுக்கு முன்னாடி தலை சீவி, தண்ணி கொண்டு வச்சு — சே.

மே 10

கண் ஏன் சிவந்திருக்கு என்று அம்மா கேட்டாள். வெங்காயம் என்றேன். இன்று வீட்டில் வெங்காயமே இல்லை. அவளுக்கும் தெரியும்.

மே 13

அப்பா ஜங்ஷனில் பழைய கணக்குப் புத்தகம் வாங்கி வந்தார். வட்டம் போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். 2cos²θ = cos θ. முதலில் இரண்டு பக்கமும் cos θ-ஆல் வகுத்துவிட்டேன். புத்தகத்தில் நாலு விடை, எனக்கு இரண்டுதான். வகுக்கக் கூடாது, ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்த வேண்டும். 60, 90, 270, 300. ஒவ்வொன்றையும் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். நாலும் பொருந்தின.

சித்ராவிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நொடி எழுந்துவிட்டேன். பழக்கம்.

மே 15

சித்ரா வந்தாள். நான் தூங்குவதாக அம்மாவைச் சொல்லச் சொன்னேன்.

மே 19

மறுபடி எழுதினேன், இந்தத் தடவை முழு மார்க். கணக்குப் பிரிவு கிடைத்துவிட்டது. அப்பா பஸ் ஸ்டாண்டில் எனக்கு பன்னீர் சோடா வாங்கித்தந்தார். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தது. வழிபாட்டில் பிளஸ் ஒன் வரிசைக்குப் பக்கத்து வரிசை பிளஸ் டூ. சித்ரா என்னைப் பார்த்துவிட்டாள். அவளைப் பார்க்கும்போது சொல்ல ஒரு வார்த்தை வைத்திருந்தேன், 'வந்துட்டேன் பாத்தியா.' பத்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பழகியது.

மத்தியானம் அவளே என் பெஞ்சுக்கு வந்தாள். வாசலில் அவள் கூட்டாளிகள் நின்றார்கள்.

"சாப்ட்டியா வேணி?"

"சாப்ட்டேன்" என்றேன்.

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.