பொன்னழகு கேட்ட மெட்டு

போய்ச் சேர்ந்த பிறகும் என்னோடு மல்லுக்கு நிற்கிற என் அருமைத் தங்கச்சி மரகதத்துக்கு,

உன் மகள் பொன்னழகுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஊர் அரிமளம், சொந்தமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். யுத்தம் வந்ததிலிருந்து அரிசியை அளந்துதான் கொடுக்கிறார்கள், ஆனாலும் பந்தியில் யாரையும் பசியோடு எழுப்பவில்லை. உன் வீட்டுக்காரர் வழக்கம்போல அங்கவஸ்திரத்தைத் தேடிக்கொண்டே முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்தார். எல்லாம் நல்லபடியாக நடந்தது. மேளம் பேசிய அன்றைக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது.

குடுமியான்மலையிலிருந்து நாயனக்காரர் வந்திருந்தார். பெண் அழைப்புக்கு என்ன, மாலை மாற்றும்போது என்ன என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தோம். நலங்குக்கு என்ன வாசிக்கட்டும் என்று அவர் கேட்டபோது, உள்ளேயிருந்து உன் மகள் வந்து நின்றாள்.

“எங்க ஆத்தா எனக்குப் பாடுன தாலாட்டு ஞாபகம் இருக்குங்க. அதை வாசிப்பீங்களா?” என்று கேட்டு, மெதுவாக இழுத்துப் பாடிக் காட்டினாள்.

மரகதம், அது தாலாட்டு இல்லை. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்றைக்கு நான் பாடிய ஒப்பாரி. மூன்று வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடினேன். அவள் அதிலேயே தூங்கிப்போனாள். அன்றைக்குக் காதில் விழுந்ததை உன் குரல் என்று இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

நாயனக்காரருக்கு விளங்கிவிட்டது. அவள் உள்ளே போனதும் என்னிடம், “இதை நலங்குல வாசிச்சா சம்பந்தி வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்கம்மா. பொண்ணுகிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றார்.

எப்படிச் சொல்வது? உன் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. தாய் என்று அவளிடம் இருந்தது அந்த மெட்டு ஒன்றுதான். அதையும் நான் பிடுங்குவதா? நாயனக்காரர் மறந்துவிட்டார் என்று சாதித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதைத்தானே பாடித் தூங்கவைப்பாள்? மாமியார் வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால் ஊர் என்ன சொல்லும்?

மறுநாள் தலை சீவிவிடும்போது சொல்லிவிட்டேன். பாதிப் பின்னலோடு என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ஆத்தா எனக்கு எதுவுமே பாடலையா, பெரியாத்தா?”

“ஒங்க ஆத்தாளுக்குப் பாட்டே வராதுடி. சீட்டிதான் அடிப்பா.”

கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைத்தானே சொன்னேன். நாடகக் கொட்டகையில் ஆர்மோனியப் பெட்டியில் கேட்ட ஒரு துள்ளல் மெட்டை, புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே நீ சீட்டியடிப்பாய். தொட்டிலில் கிடக்கிற இவள் காலை உதைத்துச் சிரிப்பாள். பொம்பளைப் பிள்ளை சீட்டியடிக்கலாமா என்று அப்பா அதட்டுவார். அவருக்கு மேல் நான் அதட்டுவேன். நீ கேட்டால்தானே?

பொன்னழகு அழுதுகொண்டே சிரித்தாள். “அது எப்படி இருக்கும், அடிச்சுக் காட்டுங்க” என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கு எங்கே அதெல்லாம் வருகிறது? வெறும் காற்றுதான் வந்தது. கடைசியில் முனகிக் காட்டினேன். நாயனக்காரரிடமும் அப்படியே முனகினேன்.

“இதுதாம்மா நலங்கு மெட்டு” என்றார் அவர்.

நலங்கில் நாயனம் அதை எடுத்ததும் சம்பந்தி வீட்டார் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. கழுத்து மாலைக்குள் உதட்டைக் குவித்து, நாயனத்தோடு சேர்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தாள் உன் மகள். எப்போது பழகினாளோ, தெரியவில்லை. உன்னைப் போலவே பிசிறில்லாமல் வந்தது.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, மரகதம். அழுதுவிட்டேன். சந்தனம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி அவள் எந்த வீட்டில், யார் முன்னால் சீட்டியடித்தாலும் நான் அதட்ட மாட்டேன். யாரையும் அதட்டவும் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மகளுக்குப் பெரியாத்தா,
உனக்கு என்றைக்கும் அக்கா,
தெய்வானை